தக்கை அண்ணனும் ஏழு தொன்னைப் பொங்கலும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் தூண்டில் போடுகிற அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து, "உங்களில் பொய் பேசாதவர் யார்?" என்று கேட்டால் எல்லாருமே கை தூக்குவார்கள். அதில் ஒரே ஒரு கைதான் நிஜம். அந்தக் கை தக்கை அண்ணனுடையது.

அவர் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், யாரும் கேட்டதில்லை. தச்சு ஆசாரிகள் காதில் பென்சில் சொருகியிருப்பார்கள் இல்லையா, அதே இடத்தில் இவர் தூண்டில் தக்கையைச் சொருகியிருப்பார். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. வேலை என்னவோ ஏசி மெக்கானிக். முடிச்சூர் ரோட்டில் ஒரே ஒரு ஷட்டர் கடை. ஏப்ரல், மே மாதங்களில் அவரைப் பிடிப்பதைவிட ஏரியில் விரால் பிடிப்பது சுலபம். ஆனால் மார்கழியில் யார் வீட்டில் ஏசி ஓடுகிறது? அதனால் மார்கழி பிறந்ததும் 'ஏசி சர்வீஸ்' போர்டுக்குக் கீழே சாக்பீஸில் ஒரு வரி முளைக்கும்: 'மீன் பிடிக்க அழைத்துச் செல்லப்படும்.'

அதற்கு அவர் காசு வாங்க மாட்டார். "ஏப்ரல்ல உன் வூட்டு ஏசிய என்கிட்டதான் சர்வீசுக்கு குடுக்கணும்" என்று சத்தியம் வாங்கிக்கொள்வார். என் வீட்டில் இருப்பது மூன்று இறக்கை ஃபேன். அதிலும் ஒரு இறக்கை எங்களுடன் பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அது பின்னால் வருகிற கவலை.

அவருடைய உண்மை எப்படிப்பட்ட உண்மை என்பதற்கு ஒரு சாம்பிள். சிட்லபாக்கத்து பேங்க் ஆபீசர் ஒருத்தர் இவரோடு போய், ஒன்றும் கிடைக்காமல், திரும்பும் வழியில் மார்க்கெட்டில் பெரிய கட்லாவாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் ஒரே பெருமை. அவர் வீட்டம்மா நல்ல மனசோடு அண்ணனுக்கு போன் போட்டு, "ரொம்ப தேங்க்ஸ்ங்க, மீன் அவ்ளோ நல்லா இருந்துச்சு" என்றிருக்கிறார்.

"நல்ல மீனும்மா. பாத்துதான் வாங்கினாரு. சார் பிடிச்சது வேற."

"வேறன்னா?"

"செருப்பும்மா. ஒத்தச் செருப்பு."

இன்னொன்று. மீன் பிடித்தவன் எவனாக இருந்தாலும் போட்டோவுக்கு மீனை கேமரா பக்கமாக நீட்டிப் பிடிப்பான். சுண்டுவிரல் கெண்டைகூடச் சுறா மாதிரி தெரியும். அண்ணன் விடமாட்டார். பையிலிருந்து ஒரு பழைய ஏசி ரிமோட்டை எடுத்து மீன் பக்கத்தில் வைத்த பிறகுதான் போட்டோ. அவரிடம் மீனுக்கு அளவே ரிமோட்தான். "அந்த வருசம் ஒண்ணர ரிமோட்டுக்கு ஒரு விரால் மாட்டுச்சு பாரு" என்பார். ஒன்றரை என்றால் ஒன்றரைதான். பேட்டரி மூடி அளவுகூடக் கூடாது.

"ஏண்ணே, கொஞ்சம் ஏத்திச் சொன்னா என்ன குறைஞ்சிடும்?" என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன்.

"புழுவுக்குள்ள முள்ள வெச்சு மீன ஏமாத்துறேன்ல. ஒரு ஆளுக்கு அவ்ளோ ஏமாத்து போதும் தம்பி. மனுசங்களையும் ஏமாத்தினா ஒடம்பு தாங்காது."

இப்படிப்பட்ட அரிச்சந்திரனிடம், என் வாழ்க்கையிலேயே பெரிய பொய்யைக் காப்பாற்றித் தரச் சொல்லி நான் போய் நின்றேன். பத்தாவதை இரண்டு தடவை எழுதியும் பத்தாவது என்னைப் பாஸ் பண்ணவில்லை. அந்த அறிவு எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

பொய் இதுதான். நான் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறவன். குமிழி இல்லாமல் ஒட்டுவதில் எனக்கு நல்ல பெயர், மற்ற எதிலும் இல்லை. எதிர்க்கடையில், அதாவது மருந்துக்கடையில், பில் போடுகிற நித்யாவும் நானும் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து அந்த நவம்பரில்தான் ரிடையர் ஆனவர். ஒருநாள் அவரே போனுக்குக் கண்ணாடி ஒட்ட எங்கள் கடைக்கு வந்துவிட்டார். போன் முகப்பில் ஒரு பெரிய ரோகு மீன் படம்.

"சார் மீன் புடிப்பீங்களா?"

"சின்ன வயசுல புடிச்சது. இப்பதான் டைம் கிடைச்சிருக்கு. ஒரு ராடு வாங்கி வெச்சிருக்கேன். கூட வர ஆள்தான் இல்ல."

அங்கேதான் என் வாய் என்னைக் கேட்காமல் கிளம்பியது. "என்ன சார் இப்படிச் சொல்றீங்க, நான் பத்து வருஷமா புடிக்கிறேன். ஏரியில நான் எறங்கினா மீனே எனக்கு எடம் விடும்."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். குமிழி இல்லை. என்னைப் பார்த்தார். "அப்ப மார்கழிக் கடைசி ஞாயித்துக்கிழமை போலாமா?"

சாயங்காலம் நித்யா பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்க?"

"மீன் புடிப்பேன்னு."

"நீயா? போன மாசம் ஹோட்டல்ல மீன் குழம்புல முள் குத்திச்சுன்னு அழுத."

"அழல. கண்ணு வேர்த்துச்சு."

"லிசன். அடுத்த மாசம் வீட்ல நம்ம விஷயத்த சொல்லலாம்னு இருக்கேன். எங்கப்பாவுக்கு ரெண்டே ரெண்டு விஷயம் ஆகாது. ஒண்ணு லேட். இன்னொண்ணு பொய். சிக்னல்ல முப்பது வருஷம் இருந்தவரு, சிவப்பு சிவப்புதான், பச்ச பச்சதான். நீ பொய் சொன்னன்னு தெரிஞ்சா அன்னிக்கோட முடிஞ்சிது. என் கிட்ட வந்து நிக்காத."

ஆகவே தக்கை அண்ணன் கடை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு ஏசியின் ஃபில்டரைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இப்ப இன்னா, நான் கைடா வரணும். ஆனா கைடுன்னு சொல்லக் கூடாது. அதானே?"

"ஃப்ரெண்டுன்னு சொல்லிக்கலாம்ணே."

"நீயும் நானும் ஃப்ரெண்டா?"

"இல்லியா?"

"இன்னிக்குத்தான் உள்ளயே வந்துகீற." ஃபில்டரை உதறினார். என் சட்டை நனைந்தது. "அந்தாளு கேக்கலன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். கேட்டா, உள்ளத சொல்லிடுவேன். இஷ்டம்னா சொல்லு, கார்டு போடலாம்."

இஷ்டம் என்றேன். கடை ஏசியை ஏப்ரலில் அவரிடமே விடுவதாகச் சத்தியமும் பண்ணினேன். முதலாளிக்கு இன்றுவரை தெரியாது.

கார்டு என்பது ஏசி சர்வீஸ் கார்டு. மீன் பிடிக்கப் போவதற்கான திட்டத்தையும் அண்ணன் அதில்தான் எழுதுவார். 'கேஸ்' என்று அச்சடித்த கட்டத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று எழுதுவார். 'ஃபில்டர்' கட்டத்தில் தண்ணீர் தெளிவா, கலங்கலா. 'அவுட்டோர்' கட்டத்தில் எந்தக் கரை. 'கம்ப்ரஸர்' கட்டத்தில் கூட வருகிறவன் எப்படிப்பட்டவன். என் கார்டில் அந்தக் கட்டத்தை எட்டிப் பார்த்தேன். 'ஓவர் சவுண்டு' என்று எழுதியிருந்தார்.

எந்த ஏரி என்பது மட்டும் கார்டில் இருக்காது. நானும் எழுத மாட்டேன், எழுதினால் ஏப்ரலில் கடை ஏசிக்கு ஆபத்து. முடிச்சூர் தாண்டி ஒரு ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்தவரிடம் அண்ணனுக்கு அனுமதி உண்டு. அவர் வீட்டு ஏசிக்கும் இவர்தான் டாக்டர்.

திட்டம் போடுவதற்கு மட்டும் பத்து நாள். சத்தியமாகச் சொல்கிறேன், ரிடையர் ஆன சிக்னல்காரருக்காக இல்லாமல் வேறு எதற்காக இருந்தாலும் இரண்டாம் நாளே ஓடியிருப்பேன்.

முதலில் வாசனைக்குத் தடை. சென்ட், பவுடர், வாசனை சோப்பு, தலைக்குப் போடுகிற ஜெல் எல்லாம் கூடாது. கையில் வாசனை ஏறினால் புழுவில் ஏறுமாம், புழுவில் ஏறினால் மீன் சந்தேகப்படுமாம். "மீனுக்கு மூக்கு கீதாண்ணே?" என்று கேட்டேன். "உனக்கு மூள கீதுன்னு நம்பித்தானே பேசிக்கினு கீறேன்" என்றார். மூன்றாம் நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் போனை என் கையில் தராமல் மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். நித்யா மருந்துக்கடையிலிருந்து ஒரு சோப்பை வீசினாள். அதுவும் வாசனை சோப்பு. தொடாமல் திருப்பி உதைத்தேன்.

அடுத்து உட்கார்வதற்குப் பரீட்சை. கடைக்குள் ஒரு நீல பக்கெட் நிறையத் தண்ணீர், அதில் ஒரு தக்கை, எதிரில் ஒரு ஸ்டூல். "ஒரு மணி நேரம் இத்தையே பாத்துகினு குந்து. போன எடுக்கக் கூடாது, பேசக் கூடாது, பாட்டு முணுமுணுக்கக் கூடாது." பத்தாவது நிமிடத்தில் எனக்கு உலகத்தில் உள்ள எல்லாரிடமும் பேச வேண்டும்போல் இருந்தது. சின்ன வயசில் எனக்குக் கணக்குப் பாடம் எடுத்தவரிடம்கூட. நாற்பதாவது நிமிடத்தில், "அண்ணே அசையுது, அசையுது" என்று கத்தினேன். அசைந்தது என் முழங்கால். பக்கெட்டை இடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பெயிலு" என்றார் அண்ணன். பழக்கமான வார்த்தை என்பதால் வலிக்கவில்லை. மூன்றாம் தடவை பாஸ். பரீட்சை என்று ஒன்றில் நான் பாஸ் பண்ணியது அந்த பக்கெட்டில்தான்.

கடைசியாகத் தீனி. இதில்தான் நான் கவிழ்ந்தேன்.

குளிர்காலத்தில் மீன் சோம்பேறியாக இருக்கும், கண்ட இடத்தில் தேடித் திரியாது என்பது அண்ணனின் கணக்கு. அதனால் ஏழு நாளுக்கு முன்பே ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு, தினமும் விடிகாலை ஆறு மணிக்கு, அதே இடத்தில், அதே அளவு தீனி போட வேண்டும். "மீனுக்கு வாட்ச் இல்ல. வயிறுதான் வாட்சு. ஏழு நாளு ஆறு மணிக்குப் போட்டா எட்டாம் நாளு அது உனக்காக வந்து நிக்கும்." கடலைப் புண்ணாக்கும் தவிடும் வறுத்து இடித்து, ஏழு பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் கிழமை எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் குந்தி அவர் கையால் வறுத்தது. அந்த இரண்டு நாளும் கடை முழுக்க அதே வாசனை.

முதல் நாள் ஏழு பொட்டலத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகத் தோன்றவில்லை, பத்தாவது பெயில். மார்கழிப் பனி, முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் வைத்து ஒட்டுகிற மாதிரி குளிர். பையைக் கரையில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி, யாரோ மூட்டிவிட்டுப் போயிருந்த சருகு நெருப்பில் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். சூடு இதமாக இருந்தது. கண்ணை மூடினேன். திறந்தபோது இரண்டு எருமைகள் சனிக்கிழமைப் பொட்டலத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஞாயிறிலிருந்து வெள்ளி வரைக்கும் ஏற்கனவே முடித்திருந்தன. கிழமை வாரியாகச் சாப்பிட்டனவா தெரியாது, ஆனால் பேப்பரைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அண்ணனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். திட்டுவார், மறுபடி வறுத்துத் தருவார், அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் வறுத்தவரிடம் எருமை என்று எப்படிச் சொல்வது? 'கம்ப்ரஸர்' கட்டத்தில் இன்னும் என்னென்ன எழுதுவார்?

அப்போதுதான் பக்கத்துக் கோயில் ஸ்பீக்கர் பாடியது. வெண்பொங்கல் வாசனை வந்தது. வரிசையில் போய் நின்றேன். தொன்னையில் ஆவி பறக்க ஒரு கரண்டி. நெய் மேலே மினுங்கியது. எனக்கு ஒரு ஞானம் பிறந்தது: புண்ணாக்கு கொடுத்தாலே வருகிற மீன், பொங்கல் கொடுத்தால் வராமலா போகும்?

ஏழு நாளும் அதேதான். ஐந்தரைக்கு வரிசை, ஆறுக்கு ஏரி. பொங்கலை வழித்துப் போட்டால் கை பிசுபிசுக்கும், அந்தத் தண்ணீரில் கை கழுவினால் விரல் விறைக்கும். அதனால் தொன்னையோடு அப்படியே வீசிவிடுவேன். பொங்கல் போடுகிற பெரியவருக்கு என் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. "இந்தக் காலத்துல ஒரு பையன் தெனமும் குளிர்ல வந்து நிக்கிறான் பாருங்க" என்று மற்றவர்களிடம் காட்டி, எனக்கு மட்டும் ஒரு முந்திரி சேர்த்து வைப்பார். அந்த முந்திரியை நான் சாப்பிட்டுவிடுவேன். மீனுக்கு எதற்கு.

"தீனி ஒயுங்கா போவுதா?" என்று அண்ணன் தினமும் கேட்பார்.

"டைமுக்குப் போவுதுண்ணே" என்பேன். அது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நித்யா அப்பா ஐந்து ஐம்பதுக்கே ஏரிக்கரையில் நின்றார். மப்ளர், குரங்கு குல்லாய், புது ராடு. நான் ஐந்து ஐம்பத்தைந்து. வாட்சைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று தலையாட்டினார். தக்கை அண்ணன் மொபெட்டை நிறுத்திவிட்டு, என் கடன் பேசாதிருப்பதே என்று மடைப் பக்கம் குந்தினார்.

என் திட்டம் ஒன்றே ஒன்றுதான். நித்யா அப்பா அண்ணனிடம் கேள்வி கேட்க இடைவெளியே விடக் கூடாது. அதனால் நான் பேசிக்கொண்டே இருந்தேன். பனியைப் பற்றி, மின்சார ரயிலைப் பற்றி, மேலே போன ஏர்போர்ஸ் விமானத்தைப் பற்றி. பேசிக்கொண்டே புழுவை முள்ளில் கோத்தேன். புழு என் விரலில் சுற்றிக்கொண்டது. தூண்டிலை வீசினேன், முள் என் சட்டைக் காலரில் மாட்டியது. "காத்து எந்தப் பக்கம்னு பாத்தேன் சார்" என்றேன்.

அரை மணி நேரம் போனது. தக்கை அசையவில்லை. கொடுமை என்னவென்றால் மீன்கள் அங்கேதான் இருந்தன. சரியாக ஆறு மணிக்கு வந்து, பந்திக்கு உட்கார்ந்த மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றின. புழுவின் பக்கத்தில் வரும், முகர்ந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். ஒன்று துள்ளி வெளியே எழும்பி எங்களைப் பார்த்துவிட்டே விழுந்தது.

"இவ்ளோ மீன் இருக்கு. ஒண்ணுகூடக் கடிக்கலையே" என்றார் நித்யா அப்பா.

அண்ணனுக்கும் அது பிடிபடவில்லை. எழுந்து வந்து தண்ணீரைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார். பிறகு கோரைப்புல் ஓரமாக நடந்து போனார். அங்கே காற்று ஒதுக்கிய இடத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஏழு தொன்னை மிதந்துகொண்டிருந்தது.

ஒன்றை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். ஒட்டிக்கொண்டிருந்த மிளகை விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. இரண்டு நாள் வறுத்தவருடைய பார்வை. பத்து நாளில் முதல் தடவையாக எனக்குப் பேச ஒன்றுமே கிடைக்கவில்லை.

அந்த ஒரு இடைவெளிதான். நித்யா அப்பா எழுந்து போய், நேராக அண்ணனைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"என்னங்க இது? யாரு இங்க பொங்கலக் கொட்டினது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நித்யா முகம் வந்தது. சிவப்பு சிக்னல் வந்தது. மருந்துக்கடைக்கு வேறு யாரோ மாப்பிள்ளை வருவது வரைக்கும் வந்தது. கேட்டால் அண்ணன் உள்ளதைச் சொல்லிவிடுவார். நித்யா அப்பா கேட்டுவிட்டார்.

"நான்தான் சார் போடச் சொன்னேன்" என்றார் தக்கை அண்ணன்.

கண்ணைத் திறந்தேன். காதில் இருந்த தக்கையை எடுத்து, பார்த்து, மறுபடி சொருகிக்கொண்டார்.

"தம்பி நான் சொன்ன மாரி டைமுக்குப் போட்டுச்சு. நான்தான் புழுவ எடுத்துகினு வந்துட்டேன். தப்பு என்னுது." பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா பாத்துகினு நிக்கிற? போய் ரெண்டு தொன்ன வாங்கியா, ஓடு" என்றார்.

ஓடினேன். பொங்கல் பெரியவர், "இன்னிக்கு என்னப்பா லேட்டு, நான் எடுத்து வெச்சேன்" என்றார். அந்த நேரத்தில் அது தெய்வ வாக்கு மாதிரி இருந்தது.

அண்ணன் முந்திரியைப் பொறுக்கித் தனியே வைத்தார். மிளகை எடுத்தார். நெய்யைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு உருண்டை உருட்டி நித்யா அப்பாவின் முள்ளில் வைத்து அழுத்தினார். அது தண்ணீரில் விழுந்து, நான் ஐந்து எண்ணுவதற்குள் தக்கை காணாமல் போனது. ராடு வளைந்தது. ரிடையர் ஆன சிக்னல்காரர் சின்னப் பையன் மாதிரி, "புடி, புடி, அங்க புடி" என்று கத்திக்கொண்டே பின்னால் நடந்தார். போன் முகப்பில் பார்த்தோமே, அதே ஜாதி. ரோகு.

"மூணு கிலோ இருக்கும்ல?" என்றார் மூச்சு வாங்க.

அண்ணன் ரிமோட்டை எடுத்து மீன் பக்கத்தில் வைத்தார். "மூணு ரிமோட்டுக்குக் கொஞ்சம் கம்மி சார். ஒண்ணே கால் கிலோ."

"பக்கத்து வீட்ல மூணுன்னு சொல்லிக்கிறேனே."

"சொல்லிக்கோங்க. என்கிட்ட கேட்டாங்கன்னா ஒண்ணே காலுதான்."

ஒன்றே முக்கால் கிலோகூடக் கூட்டிச் சொல்ல வராத மனுஷன்.

அண்ணன் மொபெட்டில் கிளம்பின பிறகு, நித்யா அப்பாவும் நானும் ரோட்டோர டீக்கடையில் நின்றோம். இரண்டு வாய் குடித்ததும் என்னால் முடியவில்லை.

"சார், நான் இதுக்கு முன்னாடி தூண்டிலையே தொட்டதில்ல. பத்து வருஷம்னது பொய். அவரு என் ஃப்ரெண்டுகூட இல்ல, கைடு. உங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும்னு சொல்லிட்டேன். ஏன்னா..."

"நித்யா" என்றார்.

டீ என் சட்டையில் கொட்டியது.

"காலர்ல முள்ளு மாட்டினப்பவே மீன் விஷயம் தெரிஞ்சிது. எந்த மீன்காரன்பா புழுவ, குமிழி எடுக்கிற மாதிரி கட்டை விரலால தேய்ப்பான்? நித்யா விஷயம் அதுக்கு முன்னாடியே தெரியும். எங்க வீட்டுக்கு மருந்து வாங்க நானும் அந்தக் கடைக்குத்தான் போறேன்." கிளாஸை வைத்தார். "நீயா சொல்றியா, இல்ல கடைசி வரைக்கும் காத்து எந்தப் பக்கம்னு பாக்கப் போறியான்னுதான் இருந்தேன்."

"சாரி சார்."

"அந்தக் கைடப் பாரு. தப்பு என்னுதுன்னு பட்டுனு ஒத்துக்கிட்டாரு. உண்மை பேசுற ஆளு. அவர் கூட இரு, உருப்படுவ."

வாய் வரைக்கும் வந்தது. எருமை, ஏழு பொட்டலம், எல்லாம். சொன்னால் நான் முழுசாக யோக்கியன் ஆகிவிடலாம். ஆனால் அண்ணன் பொய்யர் ஆகிவிடுவார். மென்று முழுங்கினேன். அந்த ஒன்றை மட்டும் நித்யா அப்பாவிடம் இன்றுவரைக்கும் சொல்லவில்லை. இப்போது அவர் எனக்கு மாமனார். இதைப் படித்தால் என்ன ஆகும் என்று நித்யா கேட்கிறாள். அவருக்குக் கண்ணாடி போடாமல் எழுத்துத் தெரியாது, அந்தக் கண்ணாடி இந்த வாரம் முழுக்க என் பாக்கெட்டில்தான் இருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் கடைக்குப் போனேன். மன்னிப்பு கேட்க வார்த்தையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"புண்ணாக்கு இன்னா ஆச்சு?"

"எருமைண்ணே."

"ஏழையுமா?"

"ஏழையும்."

"எருமைக்குப் புடிச்சிதா?"

"பேப்பரோட சாப்டுச்சுண்ணே."

"அப்ப வறுத்த பதம் கரெக்டுதான்" என்று சொல்லிவிட்டு ஃபில்டரைக் கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மார்கழி போய்விட்டது. போன வாரம் அவர் கடைப் பக்கம் போனேன். பெருங்களத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒருத்தர், பாவம், நீல பக்கெட் முன்னால் குந்தியிருந்தார். அண்ணன் கார்டு எழுதிக்கொண்டிருந்தார். தீனி என்று எழுதி, பக்கத்தில் 'வெண்பொங்கல், ஏழு நாள்' என்று எழுதினார்.

"பொங்கலா சார்?" என்றார் பெருங்களத்தூர்க்காரர்.

"பொங்கல்தான். நம்ம ஆளுங்க எல்லாருக்கும் நான் அத்ததான் போடச் சொல்றது. தொன்னையோட வீசாத, அது மட்டும்."

அந்த ஆள் பக்கெட்டுக்குத் திரும்பினதும் மெதுவாகக் கேட்டேன். "ஏண்ணே, புண்ணாக்கை விட்டுட்டீங்களா?"

அவர் கார்டிலிருந்து நிமிரவில்லை. "அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன்ல, நான்தான் போடச் சொன்னேன்னு. எல்லாருக்கும் அத்தயே சொல்லிக்கினு வந்தா, போவப் போவ அது பொய் இல்லாம பூடும்."

எத்தனை பேரிடம் சொன்னால் ஒரு பொய் கழியும் என்று அவரிடம் கணக்கு இருக்கிறதா, தெரியாது. கேட்டால் சொல்லிவிடுவார் என்பதால் கேட்கவில்லை. இந்த மார்கழியிலும் ஐந்தரைக்கு வரிசையில் நிற்கிறேன். பொங்கல் பெரியவர் இரண்டு தொன்னை தருகிறார். ஒன்று ஏரிக்கு. இன்னொன்றை, முந்திரியில் கை வைக்காமல், சூடு ஆறுவதற்குள் முடிச்சூர் ரோட்டு ஷட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.